கேத்தலில் படியும் வெள்ளை: வன்னீரும் வியாபாரக் கணக்கும்

கடைக் கணக்குப் புத்தகத்தில் வாடகை, மின்சாரம், கேஸ், சம்பளம், பால், சீனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி இருக்கும். தண்ணீருக்கும் ஒரு பத்தி இருந்தால் அதில் மாதாந்தக் கட்டணம் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். சொந்தக் கிணறு வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆனால் புத்தளம், அநுராதபுரம், யாழ்ப்பாணம் போன்ற வரண்ட பிரதேசங்களில் தண்ணீரால் வரும் செலவு வேறு பத்திகளுக்குள் ஒளிந்து கிடக்கிறது. கேஸ் கணக்கில் கொஞ்சம், சவர்க்காரக் கணக்கில் கொஞ்சம், "ஹீட்டர் மாற்றியது", "குழாய் திருத்தியது" என்று சில்லறைச் செலவில் மிச்சம். இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. ஏனெனில் இந்தச் செலவில் பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

புத்தளம் பக்கத்தில் மின்சாரப் பொருட்கள் விற்கும் கடையொன்றைச் சில வருடங்கள் நடத்தினேன். எனது மச்சான் ஒருவர் பிரதான வீதியில் தேநீர் ஹோட்டல் வைத்திருந்தார். சில மாதங்களுக்கு ஒரு தடவை அவரது பொய்லரின் சூடாக்கும் கொயில் எரிந்துவிடும். அவர் வருவார், நான் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுப்பேன்.

"மச்சான், இந்தச் சாமான் எல்லாம் டூப்ளிகேட்டா? கொழும்புல என்ட தம்பிட கடையில அஞ்சு வருஷமா ஒரே கொயில்தான் ஓடுது" என்றார் ஒரு நாள்.

"கம்பனிய மாத்திப் பாப்பம்" என்றேன் நான். கம்பனியை மாற்றினோம். அதுவும் எரிந்தது. எரிந்த கொயிலை அவர் ஒரு தடவை கையோடு கொண்டு வந்திருந்தார். அதன்மேல் விரல் தடிப்பில் வெள்ளைக் கல் படிந்திருந்தது. அதைப் பார்த்தும் நான் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு கொயிலை விற்றேன். கொழும்புத் தம்பியின் கடைக்கு வருவது களனி கங்கையின் நீர். அது மென்னீர். மச்சானின் கிணற்றில் இருந்ததோ வன்னீர். சாமானில் ஒரு குறையும் இல்லை.

வன்மை என்றால் என்ன?

நிலத்தடி நீர் கல்லையும் மண்ணையும் ஊடறுத்து வரும்போது கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக் கொண்டு வருகிறது. நீரின் வன்மை என்பது இவ்விரண்டின் அளவே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரைக்கும் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல் படை உண்டு. அருவக்காலுவில் வெட்டியெடுத்துப் புத்தளத்தில் சீமெந்தாகச் சுடப்படுவது இந்தக் கல்தான். அதே கல்தான் கரைந்து நமது கேத்தலுக்குள் வந்து மீண்டும் கல்லாகிறது. அநுராதபுரம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் படை இல்லை. அங்கே பழைமையான கடும்பாறை. ஆயினும் மழை குறைவாகவும் ஆவியாதல் அதிகமாகவும் உள்ளதால் அங்குள்ள கிணறுகள் பலவற்றிலும் வன்னீரே கிடைக்கிறது. சிங்களச் சகோதரர்கள் "கிவுல்" என்று சொல்வது இந்த வகைத் தண்ணீரைத்தான். ஈரவலயத்தில் மழை நிறையப் பெய்து உப்புக்களைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே கொழும்பு, கண்டி போன்ற இடங்களில் ஆற்று நீரைப் பாவிப்பவருக்கு இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரிவதில்லை.

குழாயில் வரும் தண்ணீர் என்றால் மென்மையானது என்று நினைப்பதும் பிழை. குளத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ எடுக்கப்படும் குழாய் நீர் பொதுவாக அயலிலுள்ள கிணற்று நீரைவிட மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்துக் குழாயில் விட்டால் கிணற்றின் வன்மை அப்படியே வீட்டுக்கு வரும். வழமையான சுத்திகரிப்பில் படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கிறது, குளோரின் கிருமியைக் கொல்கிறது. இரண்டும் வன்மையைத் தொடுவதில்லை. நமது மூத்தவர்கள் கிணற்றில் தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டதும் கலங்கலுக்குத்தான். வீடுகளில் வைக்கும் மண் வடிகட்டியும் கரி வடிகட்டியும்கூட வன்மையைக் குறைப்பதில்லை. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் மிகக் கடுமையான வன்னீராக இருக்கலாம்.

இதை ஒரு லீற்றரில் இத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்று அளக்கிறார்கள். 60 வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை வன்னீர், அதற்கு மேல் கடும் வன்னீர் என்பது பரவலாகப் பாவிக்கப்படும் வகுப்பு. இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614, அதன் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மொத்த வன்மைக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது.

வன்மையில் இரண்டு சாதி உண்டு. வியாபாரிக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது முக்கியம். முதலாவது தற்காலிக வன்மை. இது இருகாபனேற்று உப்பினால் வருவது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்த உப்புச் சிதைந்து, கரையாத சுண்ணாம்பாகி அடியில் படிந்துவிடும். கேத்தலில் காணும் வெள்ளை இதுதான். இரண்டாவது நிரந்தர வன்மை. இது சல்பேற்று, குளோரைட்டு உப்புக்களால் வருவது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இது போகாது. பெரும்பாலான கிணறுகளில் இரண்டும் கலந்தே இருக்கும். எது அதிகம் என்பதைப் பொறுத்தே வைத்தியம்.

செலவு எங்கே போகிறது?

ஒரு கணக்குக்காக நமது கடைத் தண்ணீரின் வன்மை 300 என்றும், அதில் 200 மில்லிகிராம் கொதிக்கும்போது படிகிறது என்றும் வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 150 லீற்றர் கொதிக்கும் தேநீர்க் கடையில் தினமும் 30 கிராம் சுண்ணாம்பு வெளியே வரும். மாதத்துக்கு 900 கிராம். ஒரு பகுதி தண்ணீரோடு கோப்பைக்குப் போய்விடும். மிச்சம் பாத்திரத்தில் ஒட்டும். ஏறக்குறைய ஒரு கிலோ கல்லை மாதாமாதம் நாமே காசு கொடுத்துச் சுட்டுப் பாத்திரத்தில் பூசிக்கொள்கிறோம்.

அந்தப் பூச்சு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் நூறில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. கேஸ் அடுப்பில் வைக்கும் பாத்திரமாக இருந்தால், உள்ளே போக முடியாத சூடு பாத்திரத்தின் பக்கங்களால் வெளியேறிக் கூரைக்குப் போகும். தண்ணீர் கொதிக்க நேரமாகும், சிலிண்டர் முன்னதாகவே முடியும். மின்சாரக் கொயிலில் கதை வேறு. கொயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். மின்கட்டணம் பெரிதாக ஏறாது. ஆனால் சூடு வெளியேறத் தாமதிக்கும்போது கொயில் தனது எல்லைக்கு மேல் சூடாகி எரிந்துவிடும். கேஸ்காரருக்கு எரிபொருளில் நட்டம், மின்சாரக்காரருக்குக் கொயிலில் நட்டம். என் மச்சானின் கேள்விக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

சவர்க்காரக் கணக்கு இதைவிடச் சுவையானது. சவர்க்காரம் வன்னீரில் முதலில் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத தயிர் போன்ற அழுக்காகிறது. குளியலறைச் சுவரிலும் வாளி விளிம்பிலும் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது அதுவே. கல்சியம், மக்னீசியம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும். 300 வன்மையுள்ள 20 லீற்றர் வாளித் தண்ணீரை முழுவதுமாக நுரைக்க வைப்பதானால், அழுக்கைத் தொடுவதற்கு முன்பே ஏறத்தாழ 35 கிராம் சவர்க்காரம் வீணாகும். அதே வேலையைச் சலவைச் சோடா 6 அல்லது 7 கிராமில், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியில் முடித்துவிடும். சோடாவை முதலில் கரைத்துச் சில நிமிடம் விட்டுப் பிறகு சவர்க்காரம் போட வேண்டும். கண்ணாடிப் பளிங்கு போன்ற சோடாக் கட்டியாக இருந்தால் அதற்குள்ளேயே நிறையத் தண்ணீர் உண்டு; அளவு இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டும். இது அப்பச் சோடா அல்ல, சலவைச் சோடா. பட்டு, கம்பளித் துணிக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் ஆகாது, கையையும் அரிக்கும். லொட்ஜ் வைத்திருப்பவர்களும் சலவை நிலையக்காரர்களும் இந்த ஒரு பந்தியை மட்டும் கத்தரித்து வைத்தாலும் நட்டமில்லை. சலவைத் தூள் வன்னீரிலும் நுரைக்கும். அதற்கேற்ற சேர்க்கை அதற்குள் உண்டு. ஆனாலும் வன்மை ஏற ஏறத் தூளின் அளவும் ஏறத்தான் செய்யும்.

ஹோட்டல்காரர்களுக்கு இரண்டு விடயங்கள். பிளேன்டியின் மேல் எண்ணெய் போல ஒரு படை மிதந்து, கோப்பையின் ஓரத்தில் கறையாகப் பிடிக்கிறதா? தேயிலைத் தூள் கூடாதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தேயிலைச் சாறும் தண்ணீரிலுள்ள கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்து உண்டாக்கும் படை அது. தேசிக்காய் ஒரு துளி பிழிந்தால் மறைந்துவிடும். அடுத்தது கடலை. இரவெல்லாம் ஊற வைத்தும் கொண்டைக் கடலை அவியவில்லை என்றால் அங்கேயும் கல்சியம்தான். அது கடலையின் தோலை இறுகச் செய்கிறது. மழைநீரில் ஊற வைத்து அவித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். லொறி வைத்திருப்போர் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். அங்கேயும் இதே கல் படியும்.

மூன்று போத்தல் பரிசோதனை

மச்சானின் கதை கொயிலோடு முடியவில்லை. ஒரு நாள் கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர் அவரது ஹோட்டலுக்கு வந்து மேசையில் இரண்டு கிளாஸ்களை வைத்தார். ஒன்றில் கடைத் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டு வந்த இயந்திரத் தண்ணீர். இரண்டிலும் கம்பி பொருத்திய ஒரு சிறு கருவியை விட்டு மின்சாரம் கொடுத்தார். கடைத் தண்ணீர் சில நிமிடத்தில் சேறு போலப் பழுப்பாகிவிட்டது. மற்றது தெளிவாக நின்றது. "இதைத்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் குடிக்கிறார்கள்" என்றார். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் வேறென்ன செய்வார்? தவணை முறையில் ஒரு ஆர்.ஓ. இயந்திரத்தை வாங்கிப் போட்டார்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கல்ல. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. கனியுப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஆகவே இரும்பு கரையும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் ஓடாது, ஆகவே ஒன்றும் நடக்காது. நம்பாதவர்கள் அடுத்த தடவை அந்தத் தெளிந்த கிளாஸுக்குள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை மறுபடி ஓட்டச் சொல்லட்டும். அதுவும் பழுப்பாகும். பேனா போன்ற டி.டி.எஸ். மானியும் இப்படித்தான். அது பொய் சொல்வதில்லை; ஆனால் கரைந்துள்ள உப்பு எல்லாவற்றையும் சேர்த்தே காட்டுகிறது. வன்மையைத் தனியாகச் சொல்வதில்லை, கிருமியைச் சொல்லவே மாட்டாது.

காசு செலவழிக்க முன்னர் செய்ய வேண்டியது கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சிறு பரிசோதனை. ஒரே மாதிரியான மூன்று சிறு போத்தல்கள் எடுங்கள். முதலாவதில் மழைத் தண்ணீர். இல்லாவிட்டால் பெற்றோல் ஷெட்டில் கிடைக்கும் பற்றரித் தண்ணீர். இரண்டாவதில் உங்கள் குழாய் அல்லது கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் அதே தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆற விட்டு, துணியால் வடித்தது. கொதித்து ஆவியாகக் குறைந்த அளவைப் பற்றரித் தண்ணீரால் நிரப்பிக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். மூன்று போத்தலிலும் அளவு ஒன்றாக, மூன்றில் ஒரு பங்கு மட்டும் இருக்கட்டும். சவர்க்காரக் கட்டியைச் சீவிச் சூடான மழைத் தண்ணீரில் கரைத்துக் கொள்ளுங்கள். சலவைத் தூளோ ஷாம்புவோ கூடாது; அவை வன்னீரிலும் நுரைத்து ஏமாற்றும். இந்தக் கரைசலைத் துளித் துளியாக ஒவ்வொரு போத்தலிலும் விட்டு, மூடிக் குலுக்கி, நுரை சில நிமிடம் குலையாமல் நிற்கும்வரை எத்தனை துளி பிடித்தது என்று எழுதுங்கள்.

இரண்டாவது போத்தல் முதலாவதைவிட எவ்வளவு கூடுதலாகக் குடித்ததோ அதுதான் உங்கள் மொத்த வன்மை. கொதித்த மூன்றாவது போத்தல் மழைத் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிட்டால் உங்களுடையது பெரும்பாலும் தற்காலிக வன்மை. மூன்றாவதும் இரண்டாவதும் ஏறக்குறைய ஒரே அளவு குடித்தால் அது நிரந்தர வன்மை. மூன்றுமே ஒரே மாதிரி என்றால் உங்கள் பிரச்சினை வன்மையே அல்ல. தண்ணீர் உப்புக் கரிக்கிறதென்றால் அது சவர், அதாவது கறியுப்பு. கடற்கரைப் பக்கத்தில் இரண்டும் ஒரே கிணற்றில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மச்சானின் கிணற்றுத் தண்ணீரை இப்படிப் பரிசோதித்தபோது தெரிந்தது, அவருடையது பெரும்பாலும் தற்காலிக வன்மை. இயந்திரமே தேவையில்லை. ஓர் அகன்ற பழைய பானையில் தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து, சற்றுத் தெளிய விட்டு, மேல் நீரைச் சூட்டோடு பொய்லருக்கு மாற்றினால் போதும். சூட்டோடு மாற்றுவதால் எரிபொருளில் பெரிய நட்டம் இல்லை. கல் முழுவதும் மலிவான பானையில் படியும். விலையான கொயில் தப்பும். அவர் இப்போதும் அப்படித்தான் செய்கிறார். தவணை முடிந்த இயந்திரம் ஒரு மூலையில் இருக்கிறது.

எந்த வன்மைக்கு எந்த மருந்து?

படிந்த கல்லை அகற்ற வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி சேர்த்துச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டால் குமிழியிட்டுக் கரையும். தேசிக்காய்ச் சாறும், கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலமும் அதே வேலையைச் செய்யும். கல் கனத்த பிறகு சுரண்டுவதைவிட வாரம் ஒருமுறை செய்வது இலகு. அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பை நெடுநேரம் ஊற விட வேண்டாம். மலசலகூடம் கழுவும் அசிட்டைக் கொண்டு வந்து பொய்லரில் ஊற்றும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அது எவர்சில்வரையும் கொயிலையும் அரித்துவிடும். அதோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது ஆளையே கொல்லக்கூடியது.

நிரந்தர வன்மைக்கு மென்மையாக்கும் கருவி உண்டு. அதற்குள் இருக்கும் பிசின் மணிகள் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி வேலை செய்யும். நாளுக்கு 500 லீற்றர் பாவிக்கும் லொட்ஜில், 300 வன்மைக்கு, 10 லீற்றர் மணிகள் கொண்ட கருவியை ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உப்பால் கழுவ வேண்டி வரும். உப்புக்குப் புத்தளத்தில் பஞ்சமில்லை. ஆனால் இந்தக் கருவியால் தண்ணீரிலுள்ள உப்பின் மொத்த அளவு குறைவதில்லை, ஓர் உப்புக்குப் பதில் இன்னோர் உப்பு வருகிறது. 300 வன்மையை முழுவதும் நீக்கினால் லீற்றருக்கு ஏறத்தாழ 138 மில்லிகிராம் சோடியம் சேரும். ஆகவே குளிக்க, துவைக்க, ஹீட்டருக்கு மட்டும் இதைப் பாவித்து, குடிக்கும் குழாயைத் தனியாக விடுவது நல்லது. இரத்த அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் இது கட்டாயம். சவர்த் தண்ணீரையும் இது திருத்தாது.

சவருக்கும், குடிநீரில் கூடாத உப்புக்களுக்கும்தான் ஆர்.ஓ. இயந்திரம். அது வன்மையையும் நீக்கும். ஆனால் ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக வெளியே தள்ளும் வீட்டு இயந்திரங்கள் உண்டு. கழிவு நீரில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் அது மரக்கறிப் பாத்திக்கு ஆகாது, தரை கழுவலாம். கடும் வன்னீரை நேரடியாக விட்டால் அதன் மென்சவ்விலேயே கல் படிந்து இயந்திரம் அடைபடும். இதை விற்கும் நண்பர்கள் வாங்குபவரிடம் முதலில் தண்ணீர் அறிக்கையைக் கேட்க வேண்டும். குழாயின் மேல் கட்டும் காந்தக் கருவிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவை கல்சியத்தை நீக்குவதில்லை. அவற்றால் படிவு குறைகிறது என்பதற்கும் நம்பிக்கையான சான்று கிடையாது. நான் எனது கடையில் அதை வைக்கவில்லை.

மழைநீர் எல்லாவற்றிலும் மலிவு. ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றர் மழை என்று குறைத்து வைத்தாலும் 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு இலட்சம் லீற்றர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 80,000 மிஞ்சும். நாளுக்கு 200 லீற்றர் கொதிக்கும் கடையின் வருடத் தேவை 73,000தான். தடை தாங்கியின் கொள்ளளவு. வரண்ட பிரதேசத்தில் மழை சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும், மே முதல் செப்டெம்பர் வரை வானம் வெறுமை. ஆனாலும் 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று 25 நாள் பொய்லருக்குப் போதும். குடிக்கப் பாவிப்பதானால் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும், கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

ஆரோக்கியம் பற்றி ஒரு சொல்

வன்மை தன்னளவில் நஞ்சல்ல. கல்சியமும் மக்னீசியமும் உடம்புக்குத் தேவையானவை. உலக சுகாதார நிறுவனம் சுகாதாரக் காரணத்துக்காக வன்மைக்கு எல்லை எதையும் வைக்கவில்லை. கேத்தலில் வெள்ளை படிந்தால் சிறுநீரகத்திலும் அப்படியே கல் படியும் என்று சொல்லி இயந்திரம் விற்பது நியாயமான வியாபாரமல்ல. ஆனால் நமது வரண்ட பிரதேசக் கிணறுகளில் வன்மையோடு கூட வேறு சிலவும் வருகின்றன. அவை வெள்ளையாகப் படிவதில்லை, ருசியிலும் தெரிவதில்லை. வட மத்திய மாகாணத்தின் பல கிணறுகளில் புளோரைட்டு கூடுதல். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவது அதனால். எஸ்.எல்.எஸ். 614 அதற்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. 1990களிலிருந்து அந்த மாகாணத்தில் பரவிய காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு வன்மையும் புளோரைட்டும் சேர்ந்த தண்ணீருக்குத் தொடர்பிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். முடிந்த முடிவு எட்டப்படவில்லை. 2015இன் இறுதியிலிருந்து கடற்படையினர் அந்தப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான ஆர்.ஓ. நிலையங்களை அமைத்தது இந்தப் பின்னணியில்தான். கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்திலோ பிரச்சினை நைத்திரேற்று. தோட்டத்துக்குப் போடும் உரம் மணலூடாக இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. இதன் எல்லை 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கே கூடுதல் ஆபத்து. புளோரைட்டும் நைத்திரேற்றும் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

இவற்றைச் சவர்க்காரப் போத்தல் காட்டாது. ஆய்வுகூடம்தான் வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய ஆய்வுகூடங்களிலும் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். விண்ணப்பிக்கும்போது மொத்த வன்மை, காரத்தன்மை, புளோரைட்டு, நைத்திரேற்று, குளோரைட்டு ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். காரத்தன்மையின் எண் தற்காலிக வன்மை எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும்: காரத்தன்மை மொத்த வன்மைக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் முழுவதும் தற்காலிகம்; குறைவாக இருந்தால் மிஞ்சியது நிரந்தரம். போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, குழாயைச் சில நிமிடம் ஓட விட்டு, காற்றிடம் இல்லாமல் நிரப்பி, அன்றைக்கே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடமே தரும் தனிப் போத்தல் உண்டு. கிணறாக இருந்தால் இரண்டு தடவை கொடுங்கள்: செப்டெம்பரில், தண்ணீர் அடியில் நிற்கும்போது ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று. இயந்திரத்தின் அளவைச் செப்டெம்பர் எண்ணுக்கே தீர்மானியுங்கள்.